வாட்ச் எச்சரிக்கும்... அப்புறம்? இதயத் துடிப்புச் செயலிகளை நோயாளிகளோடு உட்கார்ந்து வடிவமைப்பது ஏன் முக்கியம்?

‘இதயத் துடிப்பு சீராக இல்லை, மருத்துவரைப் பாருங்கள்.’ கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் ஒரு நாள் திடீரென்று இப்படிக் காட்டினால், சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் ஒருவர் என்ன செய்வார்? பதறுவார். கூகுள் பார்ப்பார். மறுநாள் அரை நாள் லீவ் சொல்லிவிட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுவார். பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் மதியமே ஆபீஸ் போய்விடுவார்.

அதே வாட்ச்சை அவர் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வாங்கி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர், செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மாவுக்கு 58 வயது. காலையில் மல்லாட்டைக் கொல்லைக்குப் போனால் வீடு திரும்ப மதியம் ஆகிவிடும். எச்சரிக்கை வருகிறது, இங்கிலீஷில். அதை யார் படிப்பது? படித்த பிறகு எந்த பஸ்ஸைப் பிடித்து எங்கே போவது? அதைவிட முக்கியமான விஷயம், இந்த இருவரில் அந்த எச்சரிக்கை உண்மையிலேயே தேவைப்பட அதிக வாய்ப்பு இருப்பது அம்மாவுக்குத்தான்.

இதய நோய்க்கான செயலிகளும் கருவிகளும் பெரும்பாலும் முதல் ஆளை மனதில் வைத்துச் செய்யப்படுகின்றன. இரண்டாவது ஆளையும் கூட உட்கார வைத்து, அவர் சொல்வதைக் கேட்டு, அவரோடு சேர்ந்தே கருவியை உருவாக்குவதற்கு ‘கோ-டிசைன்’ என்று பெயர். கூட்டு வடிவமைப்பு என்று சொல்லலாம். கேட்க நல்ல விஷயமாகத்தான் இருக்கிறது. செஞ்சி மாதிரி ஒரு ஊரில் இதற்கு என்ன அர்த்தம்?

முதலில், அந்த நோய் என்ன?

இதயத் துடிப்புக் கோளாறுகளில் பல வகை உண்டு. அடிக்கடி வருவதும், இன்றைய வாட்ச்சுகளும் செயலிகளும் குறிவைப்பதும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’. சுருக்கமாக ஏ.எஃப். இதயத்தின் மேல் அறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல், காற்றில் ஆடும் அரச இலை மாதிரி நடுங்கிக்கொண்டே இருக்கும். மேலே நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேல் மின்துடிப்புகள் ஓடும். கீழ் அறைகளுக்கு அதில் ஒரு பகுதிதான், அதுவும் தாளமில்லாமல் வந்து சேரும். நாடி பிடித்துப் பார்த்தால் ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக, ஒன்று காணாமல் என்று இருக்கும்.

ஆபத்து அந்தப் படபடப்பில் மட்டும் இல்லை. மேல் அறை ஒழுங்காகச் சுருங்காததால் ரத்தம் அங்கே தேங்குகிறது. தேங்கிய ரத்தம் உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் ஊரில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வு, ஏ.எஃப். உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று காட்டியது. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டுப்போய் அதோடு ஏ.எஃப்.பும் சேர்ந்தால் அது 17 மடங்கு.

இந்த இரண்டாவது எண்தான் நம் ஊர்க் கதை. ருமாட்டிக் காய்ச்சல் என்பது சிறு வயதில் தொண்டையில் வரும் ஸ்டிரெப்டோகாக்கஸ் கிருமித் தொற்றின் பின்விளைவு. நெருக்கடியான வீடு, கவனிக்காமல் விட்ட தொண்டை வலி என்று தொடங்கி, பல ஆண்டுகள் கழித்து இதய வால்வில் வந்து நிற்கும். பல நாடுகளில் ஏ.எஃப். நோயாளிகளைக் கணக்கெடுத்து 2014-ல் ‘சர்க்குலேஷன்’ இதழில் வெளியான பதிவேட்டில் ஒரு ஒப்பீடு இருக்கிறது. வட அமெரிக்க நோயாளிகளில் 2.2 சதவீதம் பேருக்குத்தான் ருமாட்டிக் இதய நோய். இந்திய நோயாளிகளில் 31.5 சதவீதம். அதே பதிவேட்டில் இந்தியா, ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு நாடுகளின் நோயாளிகள் மற்ற பகுதிகளைவிடச் சராசரியாக 10 முதல் 12 வயது இளையவர்கள்.

ஓய்வு பெற்று, வாட்ச் கட்டிக்கொண்டு பார்க்கில் நடக்கும் 70 வயதுக்காரர் ஒரு பக்கம். வயலிலும் வீட்டிலும் முழு நேரம் உழைக்கும் ஐம்பதுகளில் இருக்கும் பெண் மறுபக்கம். ஒரே நோய்ப் பெயர்தான். ஒரே செயலி இருவருக்கும் பொருந்தும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் ஓவர்.

மாத்திரை, கீரை, பஸ்

ஏ.எஃப். என்று தெரிந்ததும் பலருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை தருவார்கள். புதிய வகை மாத்திரைகளுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டாம். ஆனால், மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கிப்போனவர்களுக்கும் செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கும் இன்றும் பழைய வகைதான். வார்ஃபரின், அல்லது நம் ஊரில் அதிகம் கேள்விப்படும் ‘அசிட்ரோம்’ எனும் அசினோகூமரால். ருமாட்டிக் வால்வு நோயோடு ஏ.எஃப். உள்ள 4,500-க்கும் மேற்பட்டவர்களை 24 நாடுகளில் வைத்துப் பரிசோதித்த இன்விக்டஸ் ஆய்வு 2022-ல் வெளியானது. புதிய மாத்திரையான ரிவரோக்சபானைவிடப் பழைய வகை மாத்திரை எடுத்தவர்களிடம் மரணம் குறைவு என்பது அதன் முடிவு. பலரும் எதிர்பார்க்காத முடிவு அது.

ஆக, ருமாட்டிக் வால்வு நோயோடு ஏ.எஃப். வந்தவர்களில் பலருக்கு, பழைய மாத்திரை இன்னும் பல ஆண்டுகளுக்குக் கூடவே வரும். அதோடு ஒரு வேலையும் வரும். ‘ஐ.என்.ஆர்.’ என்ற ரத்தப் பரிசோதனையை விடாமல் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஏ.எஃப். நோயாளிக்கு அந்த எண் பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் கட்டி உருவாகும் ஆபத்து. கூடினால் ரத்தக்கசிவு ஆபத்து. கயிற்று மேல் நடப்பது மாதிரிதான்.

செயலி செய்பவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். ஒரு மருந்து நினைவூட்டும் செயலியை எடுத்துக்கொள்வோம். ‘தினமும் இரவு 8 மணிக்கு ஒரு மாத்திரை’ என்று அலாரம் அடிக்கும். ஆனால், அசிட்ரோம் எடுப்பவருக்கு டாக்டர் ‘ஒரு நாள் 2 மில்லிகிராம், மறுநாள் 3 மில்லிகிராம்’ என்று மாற்றி மாற்றி எழுதித் தருவது உண்டு. சிலருக்கு அரை மாத்திரைக் கணக்கு வேறு. இன்றைக்கு எது, நேற்று எதைப் போட்டோம் என்பதுதான் நோயாளியின் உண்மையான குழப்பம். இதை நோயாளியிடம் அரை மணி நேரம் பேசியிருந்தால் தெரிந்திருக்கும். பேசாமல் செய்த செயலி தினமும் ஒரே மாதிரி மணியடித்து, அந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டிவிடும்.

அடுத்தது கீரை. கீரைகளில் வைட்டமின் கே அதிகம், அது இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். இங்கிலீஷ் குறிப்பை அப்படியே மொழிபெயர்த்தால் ‘பச்சை இலைக் காய்கறிகளைத் தவிர்க்கவும்’ என்று வரும். இரண்டு தவறு. ஒன்று, தவிர்க்க வேண்டியதில்லை, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் அதற்கு ஏற்றபடி மாத்திரை அளவை டாக்டர் சரிசெய்துகொள்வார். இரண்டு, ‘பச்சை இலைக் காய்கறி’ என்று செஞ்சியில் யாரும் சொல்வதில்லை. முருங்கைக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி என்றுதான் சொல்வார்கள். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது முருங்கைக்கீரை பல வீடுகளில் திடீரென்று கூடும். அந்த மாதத்தில் ஐ.என்.ஆர். ஏன் இறங்கியது என்று கணினியால் கண்டுபிடிக்க முடியாது. சமைத்தவருக்குத் தெரியும்.

மூட்டு வலிக்குத் தெரிந்த டாக்டரிடம் போய் ‘ஒரு ஊசி போடுங்க’ என்று கேட்பது கிராமங்களில் சாதாரணம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவருக்கு இடுப்பில் போடும் ஊசி தசைக்குள் ரத்தம் கட்ட வைக்கலாம். பல வலி மாத்திரைகள் வயிற்றில் ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். சில ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். நாட்டு மருந்து, லேகியம் எடுப்பவர்கள் அதை டாக்டரிடம் சொல்வதில்லை, திட்டுவார் என்ற பயம். ‘வேறு மருந்துகள் ஏதேனும் எடுத்துக்கொள்கிறீர்களா?’ என்று செயலி கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். லேகியத்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லையே.

அப்புறம் தூரம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற தலைப்பில் சேர்ந்த 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருக்கும் ஒரே கோட்டை செஞ்சி. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் இப்போது உலக வரைபடத்தில் இருக்கின்றன. ஊருக்குள் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால், பெரிய இதய சிகிச்சை என்றால் முண்டியம்பாக்கத்தில் இருக்கும் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி, சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புதுச்சேரி ஜிப்மர், இல்லையென்றால் சென்னை என்றுதான் பேச்சு போகும். காலையில் முதல் பஸ் ஏறி, வரிசையில் நின்று, ரத்தம் கொடுத்து, ரிசல்ட் வாங்கி, டாக்டரைப் பார்த்துத் திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். கூட யாராவது வந்தால் இரண்டு கூலி.

பரிசோதனைத் தேதியைச் செயலியே குறித்துக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி அமாவாசையாக இருந்தால்? மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்துக்குக் கூட்டம் திரளும் நாள் அது. செஞ்சி பக்கத்து பஸ்களில் கால் வைக்க இடம் இருக்காது. மூச்சு வாங்கும் ஒரு நோயாளி அன்றைக்குக் கிளம்புவாரா? காலண்டரில் அமாவாசை பார்க்கத் தெரிந்த எந்த நோயாளியும் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்.

பேரனை வைத்து ஒரு செயலி

‘நோயாளியைக் கேட்டுச் செய்யுங்கள்’ என்பது பிரிட்டனில் 2000-களின் நடுவில் ஒரு முறையாகவே வளர்ந்தது. பால் பேட், கிளென் ராபர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் லூட்டன் நகர மருத்துவமனை ஒன்றில் புற்றுநோய் நோயாளிகளையும் ஊழியர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, சேவையில் எந்த இடத்தில் வலிக்கிறது என்று பேச வைத்தார்கள். பிறகு அதே ஆட்கள் சேர்ந்து மாற்றங்களைச் செய்தார்கள். இதயத் துடிப்பு விஷயத்தில் ஐரோப்பாவின் ‘கேட்ச் மீ’ கூட்டமைப்பு நோயாளி அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு ‘மை ஏ.எஃப்.’ என்ற செயலியைக் கொண்டுவந்தது.

யோசனை அழகாக இருந்தால் போதாது என்பதற்குப் பெல்ஜியத்தில் ஒரு உதாரணம் உண்டு. ‘ஹெல்த் பட்டீஸ்’ என்ற செயலி. ஏ.எஃப். உள்ள தாத்தா, பாட்டி மாத்திரையைத் தவறாமல் போட வேண்டும், பேரப்பிள்ளைகள் அவர்களுக்கென்று கொடுத்த சின்னச் சின்ன ஆரோக்கிய வேலைகளைச் செய்ய வேண்டும். இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு தினமும் செயலியில் குறிக்க வேண்டும். கேட்டவுடனே ‘அட’ என்று சொல்ல வைக்கும் யோசனை. 2017-ல் முடிவு வெளியானது. தகுதியான 410 நோயாளிகளில் கடைசி வரை வந்து சேர்ந்தவர்கள் 15 பேர்தான். ஸ்மார்ட்போன் இல்லை, சரியான வயதில் பேரப்பிள்ளை இல்லை, விருப்பம் இல்லை... சேர்ந்த அந்தப் பதினைந்து பேருக்குச் செயலி பிடித்துத்தான் இருந்தது. வெளியே நின்ற மற்றவர்களின் வாழ்க்கைதான் அதற்குள் இல்லை.

வேடிக்கையாக, இந்தப் பேரன் யோசனை பெல்ஜியத்தைவிட செஞ்சியில் எடுபட வாய்ப்பு அதிகம். இங்கே வீட்டு போனை இயக்குவதே பேரன்தான். ஆனால், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பேரன் பள்ளி முடிந்து வந்தால்தான் போன் பேசும்.

இது சும்மா சொல்வதில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தானே பயன்படுத்தும் செல்போன் வைத்திருக்கும் பெண்கள் இந்தியாவில் 54 சதவீதம். அது எந்த போனாக இருந்தாலும் கணக்கில் சேரும், ஸ்மார்ட்போன் என்று எடுத்தால் இன்னும் குறையும். தமிழ்நாடு இந்தச் சராசரியைவிட மேலேதான். இருந்தாலும் ‘ஒரு நோயாளி, ஒரு போன்’ என்று எண்ணிச் செய்த செயலி, வீட்டுக்கே ஒரு ஸ்மார்ட்போன் இருக்கும் இடத்தில் தடுமாறும். எச்சரிக்கை மகனின் போனுக்குப் போகட்டும் என்பது எளிதான பதில். அம்மா அதை விரும்புவாரா? ‘படபடப்புன்னு சொன்னா கொல்லைக்கே போகவிட மாட்டான்’ என்று நினைக்கும் அம்மாக்கள் உண்டு. யாருக்குத் தகவல் போக வேண்டும் என்பதை அவரே தேர்ந்தெடுக்கும் ஒரு பட்டன், செயலியில் வண்ணம் தீட்டுவதைவிட முக்கியம்.

எல்லாமே தோல்விக் கதை இல்லை. சீனாவில் 3,324 ஏ.எஃப். நோயாளிகளை வைத்து நடந்த ‘எம்.ஏ.எஃப்.ஏ.’ ஆய்வின் முடிவு 2020-ல் வந்தது. செயலி வழியாக மருத்துவரோடு தொடர்பில் இருந்தவர்களில் பக்கவாதம், மரணம், மறுபடி மருத்துவமனைச் சேர்க்கை போன்றவை 1.9 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 6 சதவீதம். அங்கே செயலி தனியாக நிற்கவில்லை. அதற்குப் பின்னால் பக்கவாதத் தடுப்பு, அறிகுறிகளைக் கட்டுப்படுத்துவது, ரத்த அழுத்தம் மாதிரியான கூட்டுநோய்களைக் கவனிப்பது என்று ஒரு முழுச் சிகிச்சைத் திட்டம் இருந்தது.

தமிழில் ஏற்கெனவே நடந்த வேலை

கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் இது தொடர்பாக ஒரு முக்கியமான முயற்சி நடந்திருக்கிறது. பிரிட்டன் அரசின் சுகாதார ஆய்வு நிதியில், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் பிரேசில், சீனா, இலங்கை ஆகிய நாடுகளில் ஏ.எஃப். சிகிச்சை பற்றிய ஆய்வைத் தொடங்கியது. இலங்கையில் அதன் களம் வடக்கு மாகாணம். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என ஐந்து மாவட்டங்களிலும் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 10,000 பேரை வீடு தேடிப் போய்ப் பரிசோதிப்பது திட்டம். கருவி, ‘கார்டியாமொபைல்’. சூயிங்கம் பட்டை அளவு இருக்கும். இரண்டு கை விரல்களையும் அதன் உலோகத் தகடுகளில் 30 விநாடி அசையாமல் வைத்தால், ஒற்றைத் தட இ.சி.ஜி. போனில் பதிவாகும்.

குஜராத்தின் ஆனந்த் மாவட்டக் கிராமங்களிலும் கிராம சுகாதாரப் பணியாளர்களே இப்படி போன் வழியாக இ.சி.ஜி. எடுத்தார்கள். 40 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பேருக்கு ஏ.எஃப். இருந்தது. ஏ.எஃப். வந்து வந்து போகும் சுபாவம் கொண்டது என்பதால் ஒரே ஆளுக்குப் பல தடவை எடுத்தார்கள். ஒரு தடவை ‘நார்மல்’ என்று வந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது என்பது இதில் இருக்கும் பாடம்.

இரண்டு இடங்களிலும் கருவியோடு ஒரு மனிதர் வீட்டு வாசலுக்குப் போகிறார் என்பதைக் கவனியுங்கள். 30 விநாடி விரலை அசைக்காமல் வைப்பது சுலபமாகத் தெரியும். களை எடுத்துக் காய்ப்பு ஏறிய விரல்களில் மின்தொடர்பு சரியாகக் கிடைக்காமல் ‘பதிவு தெளிவாக இல்லை’ என்று வருவது உண்டு. விரலைக் கொஞ்சம் ஈரப்படுத்திக்கொண்டால் சரியாகிவிடும். அதைச் சொல்லப் பக்கத்தில் ஆள் வேண்டும், அல்லது செயலியாவது தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அந்தத் தமிழும் எந்தத் தமிழ் என்பது கேள்வி. ‘ஒழுங்கற்ற இதயத் துடிப்பை உணர்கிறீர்களா?’ என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். ‘நெஞ்சு அடிச்சுக்குது’, ‘திக்குதிக்குனு இருக்கு’, ‘ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது’, ‘ஆயாசமா வருது’ என்றுதான் நோயாளிகள் சொல்வார்கள். இந்தச் சொற்களைச் சேகரித்துச் செயலிக்குள் வைப்பது மொழிபெயர்ப்பாளர் வேலை இல்லை. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பவர் வேலை. எழுத்தே வேண்டாம், ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் திருப்பி அழைத்துப் பேச்சுத் தமிழில் கேட்கும் முறை போதும் என்று நோயாளிகள் சொன்னால், செயலி செய்ய வந்தவர்கள் அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

எச்சரிக்கைக்கு அப்புறம் யார்?

ஆப்பிள் நிறுவனம் வாட்ச் வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வில் 4,19,297 பேர் சேர்ந்தார்கள். முடிவு 2019-ல் வந்தது. ‘துடிப்பு சீராக இல்லை’ என்ற எச்சரிக்கை போனது 2,161 பேருக்கு, அதாவது 0.52 சதவீதம். இது பரவலாகப் பேசப்பட்டது. அதிகம் பேசப்படாத எண் ஒன்று இருக்கிறது. எச்சரிக்கை வந்தவர்கள் வீடியோவில் மருத்துவரிடம் பேசி, வீட்டுக்கு வரும் இ.சி.ஜி. பேட்ச்சை அணிந்து திருப்பி அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பி, கணக்கில் சேர்ந்தவர்கள் 450 பேர். ஐந்தில் நான்கு பேர் நடுவிலேயே கழன்றுகொண்டார்கள். படித்த, வசதியான, தானாக முன்வந்து சேர்ந்த ஆட்களிடமே இந்த நிலை.

அதனால் ஒரு செயலியை மதிப்பிடும்போது ‘எவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடிக்கிறது?’ என்பதோடு நிறுத்திவிட முடியாது. ‘கண்டுபிடித்த பிறகு யார் போனை எடுப்பார்?’ என்றும் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொன்ன அனுபவம் தமிழ்நாட்டுக்கு உண்டு. அது துடிப்புக் கோளாறில் இல்லை, மாரடைப்பில். சிறிய மருத்துவமனையில் எடுத்த இ.சி.ஜி.யைப் பெரிய மருத்துவமனை டாக்டருக்கு உடனே அனுப்பி, அவர் சொல்லும் இடத்துக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோகும் ‘ஸ்டெமி’ திட்டத்தை இதய மருத்துவர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லாசாரி குழுவினர் 2,420 நோயாளிகளிடம் ஆராய்ந்தார்கள். ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். 2017-ல் வெளியான முடிவு இது. அங்கே போன், இ.சி.ஜி. கருவி, ஆம்புலன்ஸ், காப்பீட்டுத் திட்டம் எல்லாம் ஒரே கயிற்றில் கோக்கப்பட்டிருந்தன.

ஏ.எஃப்.புக்கு அப்படி ஒரு கயிறு கோக்க நினைத்தால், ஆரம்பிக்க இடம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும்போதே ஏ.எஃப். சந்தேகத்தைக் காட்டும் கருவிகள் உலகில் உண்டு. பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2013-லேயே அப்படி ஒரு கருவியைப் பரிந்துரைத்தது. ஏற்கெனவே திண்ணையில் உட்காரும் அந்தத் தன்னார்வலரின் கையில் இன்னொரு 30 விநாடி வேலையைக் கொடுக்கலாம். ஆனால், அவரையும் வடிவமைப்பு மேசைக்குக் கூப்பிட வேண்டும். ஏற்கெனவே எத்தனை பதிவேடு, எத்தனை வீடு என்று அவருக்குத்தான் தெரியும்.

ஐ.என்.ஆருக்கும் வழி பிறக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் ஷியாம் கொல்லகோட்டாவின் குழு, 2022-ல் ஒரு சுவாரஸ்யமான முறையை வெளியிட்டது. சின்னக் கிண்ணத்தில் ஒரு துளி ரத்தம், அதில் ஒரு செம்புத் துகள். போனின் வைப்ரேஷன் மோட்டார் கிண்ணத்தை அதிர வைக்கும், கேமரா துகளைக் கவனிக்கும். ரத்தம் உறைந்ததும் துகள் நின்றுவிடும். எத்தனை விநாடியில் நின்றது என்பதை வைத்து ஐ.என்.ஆர். கணக்கு. ஆய்வகத்தில் வேலை செய்த இந்த முறை கிராமத்து வீட்டுக்கு வரும்போது, வேறு கேள்விகள் காத்திருக்கும். விரலில் குத்துவது யார்? எண் 5 என்று வந்தால் ராத்திரி ஒன்பது மணிக்கு யாரைக் கேட்பது?

ஊரில் அம்மா, அப்பா இருந்தால்...

ஏதாவது செயலியை அவர்கள் போனில் ஏற்றும் முன் சில விஷயங்களைப் பாருங்கள். நெட் இல்லாத நேரத்தில் திறக்கிறதா? தமிழில் பேசுகிறதா? ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாறும் மாத்திரை அளவைக் குறிக்க முடிகிறதா? எச்சரிக்கை வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பெயரோடு காட்டுகிறதா? எதுவுமே இல்லையென்றால் சமையலறைக் காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் ‘2’, ‘3’ என்று எழுதி வைப்பது எவ்வளவோ மேல்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல் வைத்து அவர்கள் நாடியை முழுதாக ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். தாளம் அடிக்கடி தப்பினால் செஞ்சி அரசு மருத்துவமனையிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒரு இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். வாட்ச் எதுவும் தேவையில்லை.

ஏற்கெனவே அசிட்ரோம் எடுப்பவர் என்றால், மருந்தின் பெயர், இப்போதைய அளவு, கடைசி ஐ.என்.ஆர்., அதன் தேதி ஆகிய நான்கையும் ஒரு அட்டையில் எழுதி மணிபர்ஸிலோ சுருக்குப் பையிலோ வைத்திருக்கச் சொல்லுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க வரவில்லை என்றாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. போனில் சொல்ல வேண்டியது இரண்டே விஷயம்: எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் இந்த இரண்டும் இருக்கும்.